எழுவாய் இல்லாத கலவரம்

(மாமல்லபுரத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மத மோதல் பற்றிய செய்தியை வாசிப்பவர் அதிலுள்ள சூடான சொற்களை எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறார். வெறி, கும்பல், பயங்கரம், சதி போன்ற சொற்கள் வரும் இடத்தில் பத்திரிகை ஒரு பக்கம் சாய்கிறது என்ற ஐயம் அவருக்குத் தானாகவே எழுகிறது. செய்தியின் சாய்வு உண்மையில் குடியிருக்கும் இடமோ இதைவிட அமைதியானது. வாக்கியத்தில் யார் எழுவாயாக நிற்கிறார், யார் விடப்படுகிறார், நிகழ்ச்சியின் தொடக்கம் எந்த நாளில் வைக்கப்படுகிறது, பாதை பற்றியோ கூலி பற்றியோ எழுந்த ஒரு தகராறுக்கு மதத்தின் பெயர் எந்தக் கட்டத்தில் சூட்டப்படுகிறது என்னும் இந்த நான்கு கேள்விகளுக்குச் செய்தி தரும் விடைகளே வாசகரின் தீர்ப்பை அவர் அறியாமலே எழுதிவிடுகின்றன என்பது இவ்வுரையின் வாதம்.

தமிழ் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று வினைகளைப் பிரிக்கிறது. எழுவாய் தானே செய்வதையோ அதற்குத் தானே நிகழ்வதையோ தன்வினை சொல்லும். எழுவாய் பிறிதொன்றைச் செய்விப்பதைப் பிறவினை சொல்லும். தீ மூண்டது என்பது தன்வினை. தீயை மூட்டினான் என்பது பிறவினை. தமிழ் நாளிதழ்களின் மோதல் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர், கலவரம் எப்போதும் மூள்கிறது, வெடிக்கிறது, பரவுகிறது, ஓய்கிறது என்பதைக் காண்பார். அதை மூட்டியவர் அந்த வாக்கியத்தில் அரிதாகவே தோன்றுகிறார். கல்வீச்சு நடந்தது, கடைகள் அடைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, பதற்றம் நிலவுகிறது, போலீசார் குவிக்கப்பட்டுள்ளனர் என்று செய்தி வரிசையாகச் செல்லும்போது, கல்லை எறிந்த கையும் சுடுவதற்கு ஆணையிட்ட வாயும் இலக்கணத்துக்குள் மறைந்துவிடுகின்றன. மனிதர் செய்த செயல் புயலையும் வெள்ளத்தையும் போல இயற்கையின் சீற்றமாக மாறிவிட, அதற்குப் பொறுப்பு கேட்க வேண்டிய அவசியமும் வாசகர் மனத்தில் தளர்ந்துபோகிறது.

இந்த மறைப்பு செய்தித்தாளின் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட முடியாது. மாமல்லபுரத்துக் குன்றின் தென்பகுதியில் இராமானுச மண்டபம் என்று இன்று அழைக்கப்படும் குடைவரை இருக்கிறது. சிவனுக்காகக் குடையப்பட்ட அந்தக் கோயிலின் புடைப்புச் சிற்பங்கள் பிற்காலத்தில் செதுக்கி அகற்றப்பட்டிருக்கின்றன. வாயிலில் வைணவச் சின்னங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே மண்டபத்தின் தரையில், உள்ளத்தில் உருத்திரனை வைக்காதவரைச் சபிக்கும் பல்லவர் காலத்து வடமொழிக் கல்வெட்டும் உள்ளது. சாபம் இட்டவர்களின் சமயமும் உளி பிடித்தவர்களின் சமயமும் கல்லிலேயே தெரிகின்றன என்றாலும், சுற்றுலாக் கையேடுகளில் இந்த இடம் பெரும்பாலும் "சிற்பங்கள் சிதைக்கப்பட்டுள்ளன" என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆயிரம் ஆண்டுப் பழமையான சைவ வைணவப் பூசலை எழுவாய் இல்லாமல் சொல்வதால் இன்று யாருக்கும் தீங்கில்லை. நேற்று மாலை நடந்த நிகழ்ச்சியை அதே நடையில் சொல்வது வேறு வகையான செயல்.

எழுவாயை விடுவதற்குப் பத்திரிகையாளரிடம் ஒரு நியாயம் உண்டு. அது கேட்கத் தக்கது. கலவரம் நடந்துகொண்டிருக்கும்போது இன்ன மதத்தவர் இன்ன மதத்தவரைத் தாக்கினர் என்று எழுதினால் அடுத்த ஊரில் பழிவாங்கல் தொடங்கும் என்ற அச்சத்தில்தான் "இரு தரப்பினரிடையே மோதல்" என்ற வாய்பாடு பிறந்தது. இந்திய பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகளும் தலைப்புகள் தூண்டுவதாக இருக்கக் கூடாது, இறந்தவர் எண்ணிக்கையில் ஐயம் இருந்தால் குறைந்த எண்ணிக்கையையே தலைப்பில் இட வேண்டும் என்று வற்புறுத்துகின்றன. 1990இல் அயோத்தியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர் எண்ணிக்கையைச் சில இந்தி நாளிதழ்கள் பல மடங்கு பெருக்கி வெளியிட்டு, பின்னர் மன்றத்தின் கண்டனத்துக்கு ஆளாயின என்பதை நினைத்தால் இந்த எச்சரிக்கையின் தேவை விளங்கும். ஆயினும் "இரு தரப்பினர்" என்ற சொல் ஒரு தராசைக் கூடவே கொண்டுவருகிறது. தாக்கியவரும் தாக்கப்பட்டவரும், ஆயிரம் பேரும் பத்துப் பேரும் அதன் இரு தட்டுகளில் சமமாக ஏறிவிடுகிறார்கள். மேலும் தமிழ் வாசகர் அத்தனை எளிதில் ஏமாறுபவர் அல்லர்; தெருப் பெயர், வழிபாட்டுத் தலம், கைதானவர்களின் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு யார் எந்தத் தரப்பு என்பதை அவர் தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுகிறார். அடையாளம் மறையாத நிலையில், மறைந்து நிற்பது பொறுப்பு மட்டுமே.

ஒரே சமயத்துக்குள் நடக்கும் பூசல்களோடு ஒப்பிட்டால் சொற்களின் படிநிலை இன்னும் தெளிவாகும். முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காஞ்சிபுரத்தின் வரதராசப் பெருமாள் கோயிலில், திவ்வியப் பிரபந்தத்தை முதலில் ஓதும் உரிமை யாருக்கு என்பது பற்றி வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் உள்ள வழக்கு ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் தொட்டு நீதிமன்றங்களில் நடந்துவருகிறது. வீதி உலாவின்போது கைகலப்பு வரை போன நாள்களும் உண்டு. அவற்றைச் செய்தி மொழி வாக்குவாதம், சலசலப்பு, தள்ளுமுள்ளு என்ற சொற்களால் குறிக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியது போன்ற ஒரு தொனியும் அவற்றில் இருக்கும். இரு வேறு மதத்தவர் அதே அளவு தள்ளிக்கொண்டால் அதே நாளிதழ் மோதல், பதற்றம் என்ற சொற்களுக்குத் தாவுகிறது. செயலின் கடுமையை அளக்க வேண்டிய சொல், செய்தவர்களின் சமயத்தை அளக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். காஞ்சிபுரத்துக்குக் கிடைக்கும் அந்த நிதானமான சொற்களே மற்ற ஊர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

தமிழகத்துச் செய்தி மொழிக்குத் தனியான ஒரு வரலாற்றுச் சிக்கலும் இருக்கிறது. 1921இல் நீதிக் கட்சி ஆட்சி பிறப்பித்து, அந்தப் பத்தாண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி அரசாணையும், 1951இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது எழுந்த கிளர்ச்சியும், அதைத் தொடர்ந்து வந்த அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமும் வகுப்பு என்ற சொல்லுக்கு இங்கே உரிமையின் பொருளைத் தந்தன. இந்தியாவின் பிற பகுதிகளில் பழிச்சொல்லாகிப்போன ஒரு கருத்து, தமிழில் ஒரு பக்கம் வகுப்புவாரி உரிமை என்றும் மறுபக்கம் வகுப்புக் கலவரம் என்றும் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தது. காலப்போக்கில் மதக் கலவரம் என்ற சொல்லே பெருவழக்காயிற்று. வகுப்பு என்ற சொல்லில் சாதிக்கும் தொழிலுக்கும் வேலைவாய்ப்புக்கும் இடம் இருந்தது. மதக் கலவரம் என்ற சொல்லோ காரணத்தைத் தன் முதற்பாதியிலேயே அறிவித்துவிடுகிறது. அதன்பின் வேறு காரணத்தைத் தேடும் செய்தியாளர் அந்தச் சொல்லோடு போராடிக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது.

இந்த முன்முடிவின் வேர் காலனி ஆட்சியில் இருக்கிறது என்று வரலாற்றாசிரியர் ஞானேந்திர பாண்டே 1990இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். இந்தியரின் பூசல்கள் எல்லாவற்றுக்கும் சமயப் பகையே அடிப்படை என்று கருதிய ஆங்கில அதிகாரிகள், ஓர் ஊரின் வரலாற்றையே கலவரங்களின் பட்டியலாக எழுதினர் என்பது அவர் காட்டும் உண்மை. அவர் வட இந்தியாவை எடுத்துக்கொண்டார். தென்னாட்டில் அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு 1882ஆம் ஆண்டின் சேலம் கலவரம். அந்தக் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்ட நகராட்சி உறுப்பினர் சி. விசயராகவாச்சாரியார் மேல்முறையீட்டில் விடுதலை பெற்றார்; அவருடைய வழக்கை முன்வைத்து அதிகாரிகளின் கூற்றை 'தி இந்து' கேள்விக்கு உட்படுத்தியது. அதன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் அதே 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கினார். போலீசின் கூற்றை அப்படியே அச்சிட மறுப்பது தமிழகத்து இதழியலின் தொடக்க காலப் பண்பாக இருந்தது என்பதை இன்றைய செய்தி அறைகள் மறந்திருக்கின்றன.

1982ஆம் ஆண்டின் மண்டைக்காட்டு நிகழ்ச்சி இங்கே விரிவாகப் பார்க்கத் தக்கது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பகவதி அம்மன் கோயில் கொண்டுள்ள அந்தக் கடற்கரை ஊரில் மாசிக் கொடை விழாவுக்குப் பெருந்திரளாகப் பெண்கள் வருவதும், வந்தவர்கள் கடலில் நீராடுவதும், அருகிலுள்ள கத்தோலிக்க மீனவர் குடியிருப்பைக் கடந்து அவர்கள் செல்வதும் தலைமுறைகளாக நடந்துவந்தவை. 1980களின் தொடக்கத்தில் மாவட்டத்தில் மத அமைப்புகளின் மாநாடுகளும் ஊர்வலங்களும் மிகுந்திருந்த சூழலில், கடற்கரையின் பயன்பாடு, ஒலிபெருக்கி, பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகக் கூறப்பட்ட குற்றச்சாட்டு என்று பல இழைகள் ஒன்றாகப் பின்னிக்கொண்டன. மார்ச் 1ஆம் நாள் போலீசார் சுட்டதில் மீனவர் 6 பேர் இறந்தனர். அதன்பின் மாவட்டத்தின் பல ஊர்களில் வீடுகளும் வழிபாட்டு இடங்களும் தாக்கப்பட்டன. எம்.ஜி.ஆர். அரசு நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. குன்றக்குடி அடிகளார் ஊர் ஊராகச் சென்று அமைதிப் பணி செய்தார்.

இவ்வளவையும் "மண்டைக்காடு கலவரம்" என்ற இரண்டு சொற்கள் விழுங்கிவிட்டன. முதல் நாள் உயிரிழப்புகள் அரசின் துப்பாக்கியால் நேர்ந்தவை. ஆனால் கலவரம் என்ற சொல்லுக்குள் அவை இரு மதத்தார் ஒருவரையொருவர் கொன்றதைப் போலத் தோற்றம் கொண்டன. மீனவர் என்ற தொழில் அடையாளமும், கடற்கரை யாருடைய புழக்கத்துக்கு உரியது என்ற வாழ்வாதாரக் கேள்வியும், உள்நாட்டுச் சாதிகளுக்கும் கடலோரத்தாருக்கும் இருந்த நெடுங்காலச் சமூக இடைவெளியும் கிறித்தவர், இந்து என்ற இரு பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. ஊரின் பெயரே நிகழ்ச்சியின் பெயராகிவிட்டதால், அந்த விழா எத்தனை ஆண்டுகள் அமைதியாக நடந்தாலும் மண்டைக்காடு என்றதும் வெளியூர் வாசகரின் நினைவில் எழுவது 1982தான். நார்வே நாட்டு அறிஞர்கள் யொஹான் கால்டுங், மாரி ரூகே இருவரும் 1965இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. நாளிதழ் ஒரு நாளில் முடியும் நிகழ்ச்சியையே செய்தியாக ஏற்கும். பல ஆண்டுகளாக மெல்ல வளரும் ஒன்று அதன் கால அளவுக்குள் அடங்காது என்பது அவர்கள் கண்டது. கடற்கரைப் பாதை பற்றிய கசப்பு இருபது ஆண்டு வளர்ந்திருந்தாலும் அது செய்தி ஆகாது. துப்பாக்கி வெடித்த அரை மணி நேரம் செய்தி ஆகும். இதே காரணத்தால்தான் மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா ஆலயமும் மீனவர் கோயில்களும் ஒரே கரையில் அடுத்தடுத்து இருப்பது எந்த நாளிலும் முதல் பக்கத்துக்கு வராது.

மண்டைக்காட்டுக்கு ஓராண்டு முன்பு, 1981 பிப்ரவரியில், தென்காசிக்கு அருகேயுள்ள மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஏறத்தாழ 180 குடும்பத்தினர் இசுலாத்தைத் தழுவினர். அன்றைய தேசியப் பத்திரிகைகளும் தலைவர்களின் அறிக்கைகளும் மீண்டும் மீண்டும் எழுப்பிய கேள்வி, வளைகுடாப் பணம் எவ்வளவு வந்தது என்பது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவர் யார், போலீசின் கெடுபிடியைத் தூண்டியவர் யார் என்ற கேள்விகள் பின்பக்கத்துக்குப் போயின. மதம் மாறியவர்கள் தம் காரணத்தைத் தாமே சொன்னபோதும் பல செய்திகளில் அவர்கள் எழுவாயாக நிற்கவில்லை. "மாற்றப்பட்டனர்" என்ற வினைக்குச் செயப்படுபொருளாகவே நின்றனர். தாமே மாறினர் என்பதற்கும் மாற்றப்பட்டனர் என்பதற்கும் இடையிலுள்ள இலக்கண வேறுபாடு, மதமாற்றத் தடைச் சட்டம் பற்றிய விவாதத்துக்கே எரிபொருள் ஆயிற்று.

தொடக்க நாளின் சிக்கலுக்குக் கோயம்புத்தூர் போதும். 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தனர். அதற்கு எந்த நியாயமும் இல்லை. அதற்கு மூன்று மாதங்கள்கூட முன்பில்லாத 1997 நவம்பர் 29 அன்று ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டதும், அடுத்த நாள்களின் வன்முறையிலும் போலீசின் துப்பாக்கிச் சூட்டிலும் முசுலிம்கள் 18 பேர் உயிரிழந்ததும் ஆண்டு நினைவுச் செய்திகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கதையைப் பிப்ரவரியில் தொடங்குபவருக்கு ஒரு குற்றவாளியும், நவம்பர் 29இல் தொடங்குபவருக்கு இன்னொரு குற்றவாளியும், நவம்பர் 30இல் தொடங்குபவருக்கு மூன்றாவது குற்றவாளியும் கிடைக்கிறார்கள். மூன்று நாள்களையும் ஒரே பத்தியில் எழுத இடம் இல்லாத பத்திரிகை எதுவும் இல்லை.

செய்தி மொழியைத் திருத்திக்கொள்ள முடியாது என்று சொல்பவர்களுக்கு 2020 ஏப்ரல் மாதம் விடை கூறுகிறது. தில்லி நிசாமுதீனில் நடந்த தப்லீக் சமாத் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களைத் தமிழக சுகாதாரத் துறை தன் அன்றாட கொரோனா அறிக்கையில் தனியாக எண்ணிக் காட்டியது. தொலைக்காட்சிகள் அந்த எண்ணை மதத்தின் எண்ணாக மாற்றின. எதிர்ப்பு எழுந்த சில நாள்களில் துறை தன் சொல்லை மாற்றி, ஒரே மூலத்திலிருந்து பரவிய தொற்று என்ற பொருள்படும் நடுநிலையான தொடரைக் கையாண்டது. மருத்துவத் தகவலில் எதுவும் குறையவில்லை. பழி மட்டும் நீங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, அக்கூட்டத்துக்கு வந்திருந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தபோது, அச்சு ஊடகமும் மின்னணு ஊடகமும் நடத்திய பிரசாரத்தைக் கண்டித்தது. சொல்லைத் திருத்தாத ஊடகம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இலங்கையில் கொடிய எடுத்துக்காட்டு உண்டு. ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்கு ஒரு மாதம் கழித்து, 2019 மே 23 அன்று, 'திவயின' என்னும் சிங்கள நாளிதழ் ஒரு முசுலிம் மருத்துவர் 4,000 சிங்களப் பௌத்தப் பெண்களுக்கு மறைமுகமாகக் கருத்தடை செய்தார் என்று முதல் பக்கத்தில் எழுதியது. அடுத்த நாளே குருநாகல் மருத்துவமனையின் மருத்துவர் ஒருவர் கைதானார். குற்றச்சாட்டு நிலைநிறுத்தப்படவில்லை; அவர் பின்னர் பணிக்குத் திரும்பி நிலுவைச் சம்பளமும் பெற்றார். அந்தச் செய்தியை நம்பியவர்களுள் எத்தனை பேர் இந்த முடிவை வாசித்தனர் என்பது வேறு கேள்வி.

அண்மைக் காலத்தில் திருப்பரங்குன்றம் இந்தச் சிக்கலை அதன் முழு வடிவில் காட்டியிருக்கிறது. அடிவாரத்தில் முருகன் குடைவரையும், உச்சியில் சிக்கந்தர் தர்காவும், இடையே சமணர் படுகைகளும் உள்ள அந்தக் குன்றின் உரிமை பற்றி 1931இலேயே இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போயிருக்கிறது. 2025இல் மலையின் பெயரே வழக்காயிற்று. ஒருவர் சிக்கந்தர் மலை என்றார், இன்னொருவர் ஸ்கந்தர் மலை என்றார், மூன்றாமவர் சமணர் குன்று என்றார். அந்த ஆண்டு திசம்பரில் கார்த்திகை தீபத்தை எங்கே ஏற்றுவது என்ற வழக்கு கொதித்தபோது, மலைமேல் இருந்த ஒரு கல்லை ஒரு தரப்பு தீபத்தூண் என்றும் மறுதரப்பு நில அளவைக் கல் என்றும் அழைத்தன. செய்தியாளர் இரண்டில் எதை எழுதினாலும் அவர் தீர்ப்பு சொல்லியவர் ஆனார். பிரச்சினைக்குரிய தூண் என்று எழுதித் தப்பியவர்களும் பிரச்சினையைப் பெயருக்குள் நிரந்தரமாகப் புகுத்தினர். அந்தக் கல்லின் உயரம், அமைப்பு, நீதிமன்றத்தில் இரு தரப்பும் அதைப் பற்றிக் காட்டிய சான்று ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, இன்னார் இதை இவ்வாறு அழைக்கின்றனர் என்று இரண்டு பெயர்களையும் தருவது நான்கு வரி கூடுதலாகக் கேட்கும். அந்த நான்கு வரிக்குத்தான் செய்தியாளருக்குச் சம்பளம். மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தை அர்ச்சுனன் தபசு என்போரும் கங்கை இறங்குதல் என்போரும் நூறாண்டாக வாதிடுகின்றனர். இரண்டு பெயர்களும் சான்றுகளோடு சேர்ந்தே அச்சாகி வந்ததால் அந்த வாதம் புலமையின் எல்லைக்குள் நிற்கிறது.

எழுவாய் தெளிவாக இருந்தால் செய்தி என்ன செய்யும் என்பதையும் மாமல்லபுரமே காட்டியது. 2021 அக்டோபரில் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தாங்கள் விரட்டப்பட்டதை நரிக்குறவர் பெண் ஒருவர் தம் வாயால் சொன்ன காணொளி பரவியது. பாதிக்கப்பட்டவரே பேசினார், இடம், செயல், செய்தவர் யார் என்பதெல்லாம் அவர் பேச்சில் இருந்தன. ஊடகங்கள் அதை "சலசலப்பு" என்று சுருக்க வழியில்லாமல் போயிற்று. அக்டோபர் 29 அன்று அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவரோடு அமர்ந்து உண்டார். நவம்பர் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர் வாழும் பூஞ்சேரிக்கு வந்து பட்டாக்கள் வழங்கினார். அது மதங்களுக்கு இடையிலான மோதல் அன்று, வழிபாட்டு இடத்தில் நடந்த ஒதுக்கல். ஆனால் செய்தி மொழிக்கு அது தந்த பாடம் இரண்டுக்கும் பொருந்தும்.

வாசகர் கையிலும் ஒரு கருவி இருக்கிறது என்பதைத் தமிழர் அதிகம் அறியவில்லை. மத மோதல் செய்தி ஒன்று பொறுப்பை மறைத்தோ பழியைப் பரப்பியோ எழுதப்பட்டிருந்தால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பயனில்லை என்றால் நாளிதழோ வார இதழோ வெளியான இரண்டு மாதங்களுக்குள் இந்திய பத்திரிகை மன்றத்துக்கு முறையிடலாம். கட்டணம் கிடையாது. மன்றத்தால் கண்டிக்க முடியும், தண்டிக்க முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்புக்குள் வராது. தமிழ் இதழின் சொல்லைப் பற்றி முறையிடுபவர், அந்தச் செய்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் உடன் இணைத்து அனுப்ப வேண்டும்.